கே-ஜெட்ரானிக்கைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன்: கைக்கு அடங்கிய செலவில் முடியுமா?

சிவப்பு கோல்ஃப்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது முதல் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, 1983 மாடல், 1.8 லிட்டர் டிஎக்ஸ் இன்ஜின். கம்பெனியில் இருந்து வந்த அதே பாஷ் கே-ஜெட்ரானிக், அதாவது கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன்தான் இன்னும் ஓடுகிறது. குளிர்ந்த நிலையில் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகும். ஓட்டி நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கழித்து எடுத்தால், செல்ஃப் அடித்து அடித்து பேட்டரிதான் இறங்குகிறது. அப்புறம், ஒரே வேகத்தில் போகும்போது காலை அசைக்காமல் வைத்திருந்தாலும் வண்டி இழுப்பதும் விடுவதுமாகத் தடுமாறுகிறது. ஸ்லோ ஸ்பீடில் ஒரு சிலிண்டர் மட்டும் மந்தமாக வேலை செய்வது போல ஓர் ஆட்டம்.

வண்டியைப் பார்த்த மெக்கானிக், நான்கு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பிரித்துத் தரும் ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டர், இன்ஜின் சூட்டுக்கு ஏற்ப பெட்ரோல் அளவை மாற்றும் வார்ம்-அப் ரெகுலேட்டர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். அதற்கு ஆகும் செலவு வண்டியின் மதிப்பில் பாதியைத் தொடுகிறது. அந்தப் பணத்தைப் பழைய சிஸ்டத்தில் போடுவதற்குப் பதிலாக எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன். சால்டரிங் வரும், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், லேத் வேலைக்கு வசதி இல்லை. வண்டி தினமும் ஓட வேண்டும். ரேஸுக்கு அல்ல. எங்கே ஆரம்பிப்பது, எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கவே கூடாது?

இரட்டை பாரல்:

இவ்வளவு யோசனையே வேண்டாம். நல்ல வெபர் கார்புரேட்டர் ஒன்றை மாட்டிவிடுங்கள். வயரிங் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, எந்த ரோட்டோரத்திலும் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம். இந்த இன்ஜினில் கார்புரேட்டர் போட்டு ஓட்டியவர்கள் ஏராளம்.

பழைய ஸ்பேனர்:

கார்புரேட்டர் போட்டால் வண்டி ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் செலவு குறையும் என்று நம்பிப் போக வேண்டாம். மேனிபோல்ட் மாற்ற வேண்டும், ஆக்சிலேட்டர் கேபிள் பிடிமானம் மாற்ற வேண்டும். பெட்ரோல் பம்பையும் மாற்றியாக வேண்டும், ஏனென்றால் கார்புரேட்டர் கேட்பது 0.2 முதல் 0.3 பார் பிரஷர்தான், உங்கள் பம்ப் தள்ளுவது 5 பார். கடைசியில் கையில் இருப்பது நாற்பது வருடப் பழைய இன்ஜெக்ஷனைவிட அதிகம் பெட்ரோல் குடிக்கும் வண்டி.

நண்பரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாற்றலாமா என்று முடிவு செய்யும் முன் இருப்பதை அளந்து பாருங்கள். கே-ஜெட்ரானிக் பற்றி மெக்கானிக்குகளிடம் ஒரு பயம் இருக்கிறது, அதனால் எடுத்தவுடன் விலை கூடிய பாகத்தின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளும் மூன்று வேறு இடங்களில் இருந்து வரலாம்.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாதது: இன்ஜினை நிறுத்திய பிறகும் லைனில் பிரஷர் நிற்க வேண்டும். நின்றால்தான் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டில் பெட்ரோல் கொதித்து ஆவியாகாமல் இருக்கும். கேஜ் ஒன்றை இரவல் வாங்கி வார்ம்-அப் ரெகுலேட்டர் லைனில் இணையுங்கள். ஓடும்போது சிஸ்டம் பிரஷர் ஏறக்குறைய 4.7 முதல் 5.4 பார், சூடான பிறகு கன்ட்ரோல் பிரஷர், அதாவது வார்ம்-அப் ரெகுலேட்டர் வைக்கும் பிரஷர், 3.4 முதல் 3.8 பார். நிறுத்திப் பத்து நிமிடம் ஆன பிறகும் சுமார் 2.5 பார் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் பம்பின் செக் வால்வு, இல்லை பிரஷரைப் பிடித்து வைக்கும் அக்யுமுலேட்டர், இல்லை ஒழுகும் இன்ஜெக்டர். அக்யுமுலேட்டரின் பின்பக்கம் உள்ள சின்னக் குழாயில் பெட்ரோல் வந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். இதற்கும் ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் சம்பந்தமே இல்லை.

இழுப்பதும் விடுவதும்: பெரும்பாலும் ஏர் லீக். இந்த சிஸ்டத்தில் இன்ஜினுக்குள் போகும் காற்று முழுவதும் அந்த வட்டத் தட்டைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். தட்டு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு பெட்ரோல். வேறு வழியில் காற்று நுழைந்தால் அது கணக்கில் வராது, காற்றும் பெட்ரோலும் கலந்த மிக்ஸர் லீன் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் போதாமல் போகும். ஒரு சோதனை சொல்கிறேன். ஸ்லோ ஸ்பீடில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். நல்ல நிலையில் இருக்கும் இன்ஜின் உடனே தள்ளாடும், அணைந்தும் போகலாம். எந்த மாற்றமும் இல்லையென்றால் ஏற்கனவே எங்கோ பெரிதாகக் காற்று இழுக்கிறது. அடுத்து ஒவ்வோர் இன்ஜெக்டராகப் பிடுங்கி அதன் ரப்பர் ஓ-ரிங்கை விரல் நடுவில் வளைத்துப் பாருங்கள். வளையாமல் பட்டென்று உடைந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகிறது.

மூன்றாவது, ஒரு சிலிண்டர் மந்தம்: நான்கு இன்ஜெக்டரையும் நான்கு அளவு பாட்டில்களில் விட்டு, பம்பை மட்டும் ஓட்டி, தட்டைக் கையால் மெதுவாகத் தூக்குங்கள். நான்கிலும் ஒரே மட்டம் வர வேண்டும். ஒன்று குறைந்தால் அந்த இன்ஜெக்டரை வேறு லைனில் மாற்றி மறுபடி பாருங்கள். குறை இன்ஜெக்டரோடு நகர்ந்தால் இன்ஜெக்டர், லைனிலேயே தங்கினால் ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டர். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிடுங்கள், பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த பாட்டிலில் பெட்ரோல், பக்கத்தில் ஓடும் பம்ப் என்று இருக்கும்போது அலட்சியம் கூடவே கூடாது.

முடிவைச் சொல்லுங்கள், அப்புறம் மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

சிவப்பு கோல்ஃப்:

அண்ணா, எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஆயில் மூடியைத் திறந்தேன், இன்ஜின் கண்டுகொள்ளவே இல்லை. ஓ-ரிங் நான்கும் பிளாஸ்டிக் மாதிரி, இரண்டு கையிலேயே உடைந்தன. புதிது போட்ட பிறகு தடுமாற்றம் போயே போச்சு. சிஸ்டம் பிரஷர் 5.0, சூட்டில் கன்ட்ரோல் 3.6. ஆனால் நிறுத்தியதும் கேஜ் முள் சரசரவென்று பூஜ்யத்துக்கு இறங்குகிறது, அக்யுமுலேட்டர் பின்குழாயில் பெட்ரோல் ஈரம். பாட்டில் சோதனையில் மூன்று ஒரே மட்டம், மூன்றாம் சிலிண்டர் மட்டும் கால் பங்கு குறைவு. இன்ஜெக்டரை மாற்றிப் போட்டும் மூன்றாம் லைனிலேயேதான் குறைகிறது.

ஆக வார்ம்-அப் ரெகுலேட்டர் நன்றாக இருக்கிறது, ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டர் போய்விட்டது. அதைத்தான் வாங்க முடியவில்லை. இப்போது மாறலாமா?

பழைய ஸ்பேனர்:

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள் தம்பி. இப்போது தாராளமாக மாறலாம், காரணம் கையில் இருக்கிறது. உங்கள் ஊரில் புகைச் சோதனையும் வண்டிப் பதிவும் பார்ப்பவர்களிடம், இன்ஜெக்ஷன் மாற்றத்துக்கு அனுமதி உண்டா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்.

கே-ஜெட்ரானிக் வண்டி வைத்திருப்பவர் கார்புரேட்டர் வண்டிக்காரரைவிடப் பாதி தூரம் முன்னால் நிற்கிறார். எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷனுக்கு வேண்டிய செலவு பிடிக்கும் சாமான்கள் பல ஏற்கனவே வண்டிக்குள் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போடாமல் இருப்பதுதான் பெரிய மிச்சம்.

பம்ப்: 5 பார் தள்ளும் பம்புக்கு 3 பார் என்பது சும்மா. கரண்ட் குறைவாக இழுக்கும், சத்தமும் அடங்கும். டேங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன், இரும்புக் குழாய், ஃபில்டர் ஹவுசிங் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அக்யுமுலேட்டரைக் கழற்றிவிடலாம், இனி அதற்கு வேலையில்லை.

குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் காற்று கொடுக்கும் அந்த ஆக்ஸிலரி ஏர் வால்வையும் கழற்றாதீர்கள். உள்ளே ஹீட்டர் சுற்றிய பைமெட்டல் தகடு இருக்கிறது, சில நிமிடத்தில் தானே மூடிக்கொள்ளும். இதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. மேனிபோல்ட் பிரஷரை வைத்துக் கணக்குப் போடும் சிஸ்டத்துக்கு, காற்று எந்த வழியில் வந்தது என்ற கவலையும் கிடையாது. அதனால் தனியாக ஐடில் வால்வு வாங்க வேண்டியதில்லை.

இக்னிஷன்: இப்போதைக்குத் தொடவே தொடாதீர்கள். உங்கள் இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டரில் ஸ்பார்க் நேரத்தைச் சொல்லும் ஹால் சென்சார் இருக்கிறது, லோடுக்கு ஏற்ப அந்த நேரத்தை மாற்றும் வேக்கம் அட்வான்ஸ் இருக்கிறது. அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கட்டும். பெட்ரோலை மட்டும் முதலில் எலக்ட்ரானிக் ஆக்குங்கள். பெட்ரோலையும் இக்னிஷனையும் ஒரே நேரத்தில் மாற்றினால், ஸ்டார்ட் ஆகாதபோது எது தவறு என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

இனி வாங்க வேண்டியவை. இதே குடும்பத்து 8 வால்வு இன்ஜினை ஃபோக்ஸ்வேகன் பின்னாளில் டிஜிஃபான்ட் என்ற எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷனோடு விற்றது. இரண்டாம் தலைமுறை ஜிடிஐயில் 1987 முதல் வந்த பிபி இன்ஜின் அப்படிப்பட்டது. உடைக்கும் வண்டிகளில் அதைத் தேடுங்கள். ஹெட்டில் இன்ஜெக்டர் உட்காரும் கப்புகள், ஃபியூயல் ரெயில், அதன் நுனியில் உள்ள பிரஷர் ரெகுலேட்டர், நான்கு இன்ஜெக்டர், கூலன்ட் சென்சார், எல்லாவற்றின் பிளக்குகளும் ஒரு சாண் வயரோடு. உங்கள் ஹெட்டில் உள்ள கே-ஜெட் கப்பைக் கழற்றிவிட்டு டிஜிஃபான்ட் கப்பைத் திருகிவிடலாம். லேத் வேலை இல்லை என்று சொன்னீர்களே, அதற்கு இதுதான் வழி.

முழு டிஜிஃபான்ட்டையும் கம்ப்யூட்டரோடு தூக்கி வைக்கலாமா என்றால், ஓடிக்கொண்டிருக்கும் முழு வண்டி கண்ணெதிரே கிடைத்தால் வைக்கலாம். வயரிங், ஏர்ஃப்ளோ மீட்டர், இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டர், நாக் சென்சார் என்று ஒன்று விடாமல் எடுத்தால் டியூனிங் வேலையே இல்லாமல் ஓடும். ஆனால் துண்டு துண்டாகச் சேர்ப்பதானால் நான் வேண்டாம் என்பேன். அந்த ஏர்ஃப்ளோ மீட்டரின் கார்பன் தடம் தேய்ந்திருக்கும், வயரின் மேல்தோல் உதிரும், கம்ப்யூட்டருக்கும் வண்டிக்கு ஆன வயது ஆகியிருக்கும். ஒரு பழைய தலைவலியைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது எதற்கு?

கம்ப்யூட்டருக்கு ஸ்பீடுயினோ என் பரிந்துரை. ஆர்டுயினோ மெகா 2560 போர்டின் மேல் ஓடும் திறந்த மூல ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர். சால்டரிங் தெரிந்தவர் தானே கட்டிக்கொள்ளலாம். மெகாஸ்குவர்ட்டும் நல்லது, நீண்ட நாள் அனுபவம் உள்ளது, ஆனால் செலவு கூடும். இரண்டுக்கும் டியூனர்ஸ்டுடியோ மென்பொருள்தான், பணம் கட்டாத பதிப்பிலேயே பெட்ரோல் அளவு எண்கள் உள்ள டேபிளைக் கையால் திருத்தலாம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று ஹோஸ். கார்புரேட்டர் ஹோஸைப் போடவே கூடாது. எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்ட இன்ஜெக்ஷன் ஹோஸ், அதற்குரிய ஓரம் மடிந்த கிளாம்ப். பல் வெட்டிய சாதாரண கிளாம்ப் ரப்பரைச் சீவிவிடும், 3 பார் பெட்ரோல் சூடான சைலன்சர் மேனிபோல்டின் மேல் பீய்ச்சும். வண்டி எரிந்த பிறகு மிச்சம் பிடித்த பணத்தை என்ன செய்வது? இன்னொன்று வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார், புகையில் இருந்து காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டுவது. பாஷ் எல்எஸ்யூ 4.9 போன்றது ஒன்று, கன்ட்ரோலரோடு. அது இல்லாமல் டியூன் செய்கிறேன் என்பவர்களுடைய பிஸ்டன் தப்பிப்பது அதிர்ஷ்டம்தான். வாங்க முடியாவிட்டால் டியூனிங் முடியும்வரை இரவல் வாங்குங்கள், ஆனால் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஓம் மீட்டர்:

மேலே சொன்னதோடு வயரிங் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். இந்த மாதிரி மாற்றங்களில் நான் பார்த்த விசித்திரமான தொல்லைகள் பெரும்பாலும் எர்த்தில்தான் இருந்தன. ஈசியூவின் எர்த்தை பாடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாட்ட வேண்டாம், எல்லாவற்றையும் இன்ஜின் பிளாக்கில் ஒரே போல்ட்டில் கொண்டுவந்து சேருங்கள். சென்சார்களின் எர்த் வயர் மட்டும் பிளாக்குக்குப் போகக் கூடாது, நேராக ஈசியூவின் சென்சார் எர்த் பின்னுக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் பம்ப் ஓடும்போதும் ஹெட்லைட் போடும்போதும் கூலன்ட் சூடு ஏறி இறங்குவதாகக் காட்டும்.

இன்ஜெக்டரை வாங்கும் முன் ஓம் பாருங்கள். 12 முதல் 16 ஓம் என்றால் ஸ்பீடுயினோ நேராக ஓட்டும். 2, 3 ஓம் காட்டினால் வேண்டாம், அதற்குத் தனி டிரைவரோ ரெசிஸ்டரோ தேவைப்படும். கூலன்ட் சென்சார் பாஷ் வகையென்றால் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 சொச்சம் ஓம். ஒரு பாத்திரம் சுடுநீரும் தெர்மாமீட்டரும் போதும், அளந்துவிடலாம்.

ஆர்பிஎம் சிக்னலை ஹால் சென்சார் பிளக்கின் நடு வயரில் இருந்து எடுங்கள். காயிலின் நெகட்டிவ் முனையில் நேராகத் தொட்டுவிடாதீர்கள், அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் துள்ளும், போர்டு அங்கேயே முடிந்துவிடும்.

சிவப்பு கோல்ஃப்:

இருவருக்கும் மிக்க நன்றி. டிஜிஃபான்ட் ரெயில், கப், ரெகுலேட்டர் ஒரு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். இன்ஜெக்டர் மட்டும் அந்த வண்டியில் இல்லை. வெளியே வாங்கினால் நிமிடத்துக்கு எத்தனை சிசி விடும் இன்ஜெக்டர் வாங்குவது? பெரிதாக வாங்கினால் பின்னால் உதவும் என்கிறார்கள் சிலர். என் த்ராட்டிலில் பொசிஷன் சென்சாரும் கிடையாது, அது கட்டாயமா?

பழைய ஸ்பேனர்:

பெரிதாக வாங்காதீர்கள். டர்போ போடும் எண்ணம் இல்லாதவருக்குப் பெரிய இன்ஜெக்டர் ஸ்லோ ஸ்பீடைக் கெடுப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள்.

உங்கள் இன்ஜின் 112 குதிரை சக்தி, அதாவது 82 கிலோவாட். முழு ஆக்சிலேட்டரில் கிலோவாட்டுக்கு மணிக்கு 305 கிராம் என்று வைத்தால் மணிக்கு 25 கிலோ பெட்ரோல். நான்காகப் பிரித்தால் ஒரு சிலிண்டருக்கு 6.25 கிலோ, நிமிடத்துக்கு 104 கிராம். பெட்ரோலின் அடர்த்தி 0.74, ஆக 141 சிசி. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது, அதனால் 0.8 ஆல் வகுத்தால் 176. ஆக 3 பாரில் 180 முதல் 220 சிசிக்குள் எது கிடைத்தாலும் சரி. நான்கும் ஒரே நம்பராக இருக்க வேண்டும், பெஞ்சில் சுத்தம் செய்து அளவு பார்த்ததாக இருக்க வேண்டும்.

200 சிசி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டர் 445 சிசி, அதில் நிறையும் காற்று ஏறக்குறைய 0.53 கிராம். காற்று 14.7க்குப் பெட்ரோல் ஒன்று என்றால் வேண்டிய பெட்ரோல் 0.036 கிராம். 200 சிசி இன்ஜெக்டர் ஒரு மில்லிசெகண்டில் 2.47 மில்லிகிராம் விடும். ஆக ஏறக்குறைய 14.6 மில்லிசெகண்ட். மென்பொருளில் அதுவே கணக்கிட்டுத் தரும் எண்ணும் இதை ஒட்டி வர வேண்டும். ரொம்ப விலகினால் சிலிண்டர் கொள்ளளவையோ இன்ஜெக்டர் அளவையோ தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள். இதோடு இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரம், 14 வோல்ட்டில் ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட், தனியாகச் சேரும். இதே இடத்தில் 500 சிசி வைத்திருந்தால் ஸ்லோ ஸ்பீடில் திறக்கும் நேரமே மொத்த நேரத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடும், பேட்டரி வோல்ட் கொஞ்சம் அசைந்தாலும் மிக்ஸர் அலையும்.

த்ராட்டில் சென்சார் கட்டாயமில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது கொடுக்கும் கூடுதல் பெட்ரோலை மேனிபோல்ட் பிரஷர் ஏறும் வேகத்தை வைத்தே ஸ்பீடுயினோ கொடுக்கும். இருந்தால் மிதி இன்னும் கூர்மையாக இருக்கும், அவ்வளவுதான். பிரஷர் சென்சாருக்குப் போகும் குழாயை மட்டும் மேனிபோல்டின் நடு அறையில் இருந்து தனியாக எடுங்கள். பிரேக் பூஸ்டர் லைனில் ஒட்டு போட்டால் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் மிக்ஸர் ஆடும். கோல்ட் ஸ்டார்ட் வால்வைக் கழற்றினால் மேனிபோல்டில் ஓர் ஓட்டை கிடைக்கும், தகடு வைத்து அடைத்து அந்தத் தகட்டிலேயே நிப்பிள் வைத்துக்கொள்ளலாம்.

டியூனிங் ஒன்றும் மந்திரமில்லை. வைட்பேண்ட் சென்சாரைச் சைலன்சர் பைப்பில் படுக்கையாக வைக்காமல் குறைந்தது 10 டிகிரி மேல் நோக்கிச் சாய்த்து வையுங்கள், தண்ணீர் தேங்கினால் செத்துவிடும். அதற்கு முன்னால் உள்ள ஜாயின்ட்டில் கசிவு இருந்தால் பொய்யாக லீன் காட்டும், அதையும் பாருங்கள். ஓரிடத்தில் டேபிள் எண் 60, மீட்டர் காட்டுவது 16, உங்களுக்கு வேண்டியது 14.5 என்றால், 60ஐ 16ஆல் பெருக்கி 14.5ஆல் வகுங்கள், 66. அதை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள். சீரான ஓட்டத்தில் 14.7 பக்கம், முழு மிதியில் 12.5 முதல் 13. முழு மிதியைக் கடைசியில் தொடுங்கள். அதுவரை அந்தப் பக்கத்து எண்கள் தாராளமாக ரிச்சாகவே, அதாவது பெட்ரோல் கூடுதலாகவே இருக்கட்டும்.

சிவப்பு கோல்ஃப்:

புரிந்தது அண்ணா. கடைசியாக ஒன்று: பம்ப் ரிலேயை ஈசியூவுக்கு மாற்ற வேண்டுமா, பழையதையே விடலாமா?

பழைய ஸ்பேனர்:

பழையதையே விடுங்கள். உங்கள் ரிலே இக்னிஷன் பல்ஸ் வந்தால்தான் பம்பை ஓட்டும். வண்டி மோதி இன்ஜின் நின்றுவிட்டால் பம்பும் நிற்கும், அந்தப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். பம்பை நேராகச் சாவியில் மாட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் காயிலையும் நான்கு இன்ஜெக்டர் பிளக்கையும் கழற்றிவிட்டு, பம்பை மட்டும் ஐந்து நிமிடம் தனியாக ஓட்டுங்கள். கேஜ் 3 பாரில் நிற்கிறதா பாருங்கள். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் வெள்ளைத் தாளால் துடைத்துப் பாருங்கள். தாளில் எங்கும் ஈரம் ஒட்டவில்லையென்றால் பிளக்கை மாட்டிச் செல்ஃப் அடிக்கலாம். ஈசியூவின் டேபிள் எண்கள் உள்ள மேப் ஃபைலை இங்கே போடுங்கள், ஸ்டார்ட் ஆகாவிட்டால் சேர்ந்து பார்க்கலாம்.